பொருளடக்கத்தில் ஒரு வரி

போன மாதம் பதினெட்டாம் தேதியோடு அந்த ஒப்பந்தத்தின் ரகசியம் முடிந்துவிட்டது. அரசாங்க ரகசியத்துக்கும் காலாவதித் தேதி உண்டு, அட்டையிலேயே போட்டிருப்பார்கள். இதற்குப் பத்து வருஷம். இனிமேல் யார் வேண்டுமானாலும் எங்கள் அலுவலகத்துப் படிப்பறைக்கு வந்து, அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, அந்த அறுபத்திரண்டு பக்கங்களையும் மறைப்பு மை இல்லாமல் படிக்கலாம். பத்தொன்பதாம் தேதி காலையில் ஒப்பந்தக் கோப்பை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. மூடி வைத்தால் முட்டி மோதுகிற ஜனம் திறந்து வைத்தால் எட்டிக்கூடப் பார்க்காது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் குடிநீர் அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் நகல் எடுக்கிறவன். இருபத்தோரு வருஷமாக இயந்திரத்தோடுதான் குடித்தனம். என் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் நான் 'மெஷின்'. "மெஷின் சாப்பிடப் போயிருக்கு" என்று யாராவது சொன்னால் புதிதாக வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள்.

எனக்கு எதிரே, ஜன்னலை ஒட்டின மேசை அக்காவுடையது. பொதுமக்கள் யாராவது ஒப்பந்தத்தின் நகல் கேட்டு மனுப் போட்டால், வெளியே போகக் கூடாத இடங்களில் மை பூசி மறைத்துக் கொடுப்பது அவள் வேலை. மூலத்தின் ஒரு பிரதியை எடுத்து, இரும்பு அளவுகோலை வரிக்குக் கீழே வைப்பாள். பட்டை நுனி மார்க்கரால் இடமிருந்து வலம் இரண்டு இழுப்பு, குறுக்கே ஓர் இழுப்பு. பிறகு தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்து வெளிச்சத்தில் பார்ப்பாள். எழுத்தின் எலும்பு தெரிந்தால் மறுபடியும் ஒரு பூச்சு. மை காய்ந்ததும் பக்கத்தின் வலது மூலையில் தன் சுருக்கொப்பம் போடுவாள், இதை மறைத்தது நான்தான் என்று. அதற்குப் பிறகுதான் தாள் என்னிடம் வரும். நான் எடுக்கிற நகல் மனுதாரருக்குப் போகும், மை பூசின தாள் அலமாரிக்குப் போகும். கடைசிப் பக்கத்தில், பார்த்து நகல் எடுத்தேன் என்று நானும் ஒரு கையெழுத்து வைக்க வேண்டும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்வார்கள். உள்ளே நாற்பது பக்கத்தை மாங்கு மாங்கென்று கறுப்பாக்கிவிட்டு, முன்னால் இருக்கிற பொருளடக்கத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அது ஒன்று விடாமல் சொல்லிவிடும். "கதவைப் பூட்டிட்டு சாவியைக் கதவுலயே தொங்க விட்டிருக்கியே, ராசா" என்பாள் அக்கா. அவள் எப்போதும் பொருளடக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பாள். அவள் கையில் ஒரு வரி தப்பியது என்று ஒரு நாளும் பேச்சு வந்ததில்லை.

நான் மாற்றலாகி வந்தபோது அவள் வீட்டு மாடி அறையை எனக்கு வாடகைக்கு விட்டாள். கீழே அவளும், அவள் தம்பியும், தம்பி மனைவியும். பெற்றோர் போன பிறகு தம்பியை வளர்த்தது அக்காதான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், "வந்தவங்களுக்கு என்னைப் பிடிக்கல, எனக்குப் பிடிச்சவங்க வரல. சரிக்குச் சரி" என்பாள். தம்பி மனைவி தையல்காரி. முன்னறையில் அவள் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். என்னை அண்ணே என்பாள். "வீட்ல ரெண்டு மெஷின் இருக்கு. ஒண்ணுதான் உருப்படியா ஓடுது" என்று என்னைச் சீண்டுவாள்.

தம்பி, தொட்டி பெயிண்டர். ஊருக்கு ஊர் உயரத்தில் நிற்கிறதே குடிநீர்த் தொட்டி, அதன் உட்புறச் சுவருக்குப் பூச்சு அடிக்கிற வேலை. உச்சியில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு வட்டமாக ஒரு திறப்பு இருக்கும், அதைத்தான் வாய் என்பார்கள். அதன் வழியாக ஏணியில் இறங்கினால் உள்ளே ஒரு விளக்கு, ஒரு வாளி, மூச்சை அடைக்கிற நெடி. பழைய பூச்சைச் சுரண்டி, துடைத்து, இரண்டு கை அடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்தாலும் அவன் மேல் அந்த நெடி இருக்கும். "தள்ளி உக்காருங்க, தண்ணித் தொட்டி" என்பாள் தையல்காரி. தள்ளி உட்கார்ந்தால் அதற்கும் கோபித்துக்கொள்வாள்.

சாயங்காலங்களில் நாங்கள் நாலு பேரும் அடுக்களை மேசையைச் சுற்றி உட்கார்ந்து டீ குடிப்போம். அவித்த உருளைக்கிழங்கு இருக்கும், ரொட்டி இருக்கும். பேச்சு பெரும்பாலும் அவனுடையதுதான், அக்கா தன் ஆபீஸ் வேலையை வீட்டில் பேச மாட்டாள்.

"உள்ள பாட்டுப் பாடுவேன் அண்ணே. ஒரு வரி பாடினா நாலு பேர் சேர்ந்து பாடற மாதிரி திரும்பி வரும். அதுதான் எனக்குத் துணை" என்றான் ஒரு நாள்.

"மேல வாய்ப்பக்கம் யாராவது நிப்பாங்கல்ல?" என்று கேட்டேன்.

"யாரு நிக்கறது? சூப்பர்வைசர் கீழ ஜீப்ல உக்காந்திருப்பாரு. மேல காக்கா நிக்கும்."

நாங்கள் சிரித்தோம். அக்கா மட்டும் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு, அவனை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்தக் கோடையில் ஒரு மதியம் அவன் தொட்டிக்குள்ளேயே செத்துப்போனான். நெடி தலைக்கேறி விழுந்தவனை ஒன்றரை மணி நேரம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒப்பந்தக் கம்பெனி ஓர் அறிக்கை கொடுத்தது. மதிய இடைவேளையில், வெயிலுக்குப் பயந்து, யாரிடமும் சொல்லாமல் தொட்டிக்குள் இறங்கித் தூங்கியிருக்கிறார், கவனக்குறைவே காரணம் என்று. தொழிலாளர் நல அதிகாரி வந்து எழுதிக்கொண்டு போனார். விசாரணைக்கு ஒரு தேதி கொடுத்தார். அன்றைக்கு எதிர்த்துச் சொல்ல ஏதும் இல்லையென்றால் கம்பெனி சொன்னதே முடிவாகிவிடும்.

தையல்காரி அழுது ஓய்ந்தபின் ஒரே விஷயத்தில்தான் நின்றாள்.

"செத்ததைக்கூட விதின்னு விட்டுருவேன்க்கா. தூங்கப் போனாருன்னு எழுதியிருக்கானுங்களே! ஞாயித்துக்கிழமைகூட பகல்ல படுக்காத மனுஷன். வேலை நேரத்துல படுத்துத் தூங்கிச் செத்தவன்னு காலாகாலத்துக்கும் காயிதத்துல நிக்குமே. அதை நான் எப்படிப் பொறுக்கறது?"

"பொறுக்க வேணாம்" என்றாள் அக்கா.

மறுநாளே தையல்காரி எங்கள் அலுவலகத்தில் மனுப் போட்டாள். தொட்டி வேலைக்கு எத்தனை ஆள் நிற்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும், அந்த ஒப்பந்தத்தின் நகல் வேண்டும் என்று. மனு சுற்றிச் சுற்றிக் கடைசியில் அக்காவின் மேசைக்கே வந்து சேர்ந்தது. கூடவே கம்பெனியின் ஆட்சேபக் கடிதமும் வந்தது. நாலாம் பிரிவிலிருந்து ஒன்பதாம் பிரிவு வரை வேலை செய்யும் முறை சம்பந்தப்பட்டது, தொழில் ரகசியம், தலைப்புகள்கூட வெளியே போகக் கூடாது என்று. எங்கள் அலுவலக அதிகாரி அதை ஏற்றுக் கையெழுத்துப் போட்டிருந்தார். மேல்முறையீடு செய்யலாம். முடிய எட்டு மாதம் ஆகும். விசாரணைக்கோ பத்தொன்பது நாள்தான் இருந்தது.

அதிகாரி நல்ல மனிதர். தானே எழுந்து அக்காவின் மேசைக்கு வந்தார். "இது உங்க வீட்டு விஷயம். வேற ஆள்கிட்ட குடுத்துடவாம்மா?"

"வேற ஆள்னா பொருளடக்கத்தை மறந்துடுவாங்க சார். நானே பண்ணிடறேன்."

"அதானே" என்று சிரித்துக்கொண்டே போனார்.

கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தேன். கூடப் பிறந்தவன் விஷயத்தில்கூட இப்படி ஒரு விசுவாசமா? அன்றைக்கு அவளோடு பேசவே இல்லை.

இரண்டு நாள் வெளியே மழை. ஜன்னலில் வெளிச்சம் குறைவு என்று விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை செய்தாள். அறை முழுக்க மார்க்கர் நெடி. அந்த நெடி அவள் தம்பியின் மேல் வந்த நெடி மாதிரியே இருந்தது. ஒரு தடவை அவள் மார்க்கரை மூடிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். மழையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அளவுகோலை எடுத்தாள்.

இரண்டாம் நாள் மதியம் கட்டு என்னிடம் வந்தது. ஒவ்வொரு தாளாகக் கண்ணாடிமேல் வைத்து ஓட்டினேன். அட்டை போனது. அடுத்தது பொருளடக்கம். மூடியைத் தூக்கினவன் அப்படியே நின்றுவிட்டேன். மறைக்க வேண்டிய தலைப்புகள் எல்லாம் கறுப்பு. நடுவில் ஒரே ஒரு வரி வெள்ளையாக நின்றது.

7.4 உள்ளே ஆள் இருக்கும்வரை தொட்டி வாயில் நிற்க வேண்டிய காவல் ஆள் - பக்கம் 41.

திரும்பிப் பார்த்தேன். அக்கா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மெஷினு, தாள் சிக்கிடுச்சா?"

"இல்லக்கா."

"ஓடுதா?"

"ஓடுது."

"அப்ப ஓட விடு."

ஓட விட்டேன். கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்தையும் போட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தையல்காரி நகலை வாங்கிக்கொண்டு வந்து அடுக்களை மேசையில் பரப்பினாள். நான் டீக்கு வந்து உட்கார்ந்திருந்தேன். கட்டை எடுத்ததும் நடுப்பக்கத்துக்குப் போனாள். கறுப்பு. அடுத்ததும் கறுப்பு. வேகமாகப் புரட்டினாள், எல்லாம் கறுப்பு. பிறகு வலது மூலையைப் பார்த்தாள். தையல்காரியின் கண், ஒரு நூல் பிசகினாலும் பிடித்துவிடும்.

"இது யாரு போட்டது?"

"ஆபீஸ்ல போட்டது" என்றாள் அக்கா.

"ஆபீஸுக்குக் கை இருக்கா? எங்க கல்யாணப் பதிவுல சாட்சிக் கையெழுத்துப் போட்டீங்களே, அதே சுழி. எனக்குத் தெரியாதா? சொல்லுங்கக்கா, இத்தனை பக்கத்துலயும் மை பூசினது நீங்கதானே?"

"ஆமா."

"எப்படிக்கா கை வந்துச்சு? உங்க தம்பிக்கா!"

"சாப்பிட்டுட்டு நிதானமாப் படி."

"என்ன படிக்கறது? கறுப்பையா? அவரு பேரைக் கறுப்பாக்குனது கம்பெனிக்காரன்னு நெனச்சேன். வீட்டுக்குள்ளயே இருக்காங்கன்னு தெரியாம ஒரே சட்டில தின்னுட்டிருந்திருக்கேன்!"

தெருவே கேட்டது. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அதை விழுங்கிக்கொண்டேன். மறுநாள் காலையில் தையல்காரி வண்டி வைத்து, தையல் மெஷினை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். தாள் கட்டை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

விசாரணையில் நடந்ததை நான் கேள்விப்பட்டதுதான். தையல்காரி பொருளடக்கத்தை நீட்டியிருக்கிறாள். தொழிலாளர் நல அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியைச் சத்தமாகப் படித்திருக்கிறார். நாற்பத்தொன்றாம் பக்கத்தை எடுங்கள், எனக்குக் காட்ட ரகசியம் தடையில்லை என்றிருக்கிறார். அப்படி ஒரு விதியே இல்லை என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த கம்பெனிக்காரர்கள் பையைத் திறக்க வேண்டியதாகிவிட்டது.

"அன்னிக்கு வாய்ல நின்ன ஆள் யாரு?" என்று கேட்டிருக்கிறார்.

பதில் இல்லை.

"ஆளே நிக்கலைன்னா, அவரு தூங்கத்தான் போனாருன்னு பாத்தது யாரு?"

அதற்கும் பதில் இல்லை. அத்தோடு முடிந்தது.

முடியவில்லை, எங்களுக்கு. கம்பெனி எங்கள் அலுவலகத்தின் மேல் புகார் கொடுத்தது. எங்கள் அதிகாரி முதலில் என்னைக் கூப்பிட்டார். "நீயும்தானே கையெழுத்துப் போட்டிருக்கே. பாக்கலையா?"

"சார், நான் தாளைப் பாப்பேன், எழுத்தைப் பாக்க மாட்டேன். எழுத்தைப் பாத்தா ஒரு நாளைக்கு முப்பது தாள்தான் ஓடும்."

அவர் நம்பினார். மெஷின் பொய் சொல்லாது என்று நினைத்திருக்கலாம். அக்காவிடம் வேண்டுமென்றே விட்டீர்களா என்று எழுத்தில் கேட்டார்கள். மறந்துவிட்டேன், வயதாகிறது, கண் முன்மாதிரி இல்லை என்று எழுதிக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் அவளுக்கு ஓலை வந்தது. அதில் குற்றம் என்ற இடத்தில் ஒரே வார்த்தை: கவனக்குறைவு. தம்பிக்கு எழுதின அதே வார்த்தை. அவன் காகிதத்திலிருந்து அதை எடுக்க வைத்து, தன் காகிதத்தில் வாங்கிக்கொண்டாள். கையெழுத்துப் போட்டுவிட்டு மார்க்கரையும் அளவுகோலையும் என்னிடம் கொடுத்தாள். பழைய கோப்புகள் கிடக்கிற நிலவறைக்கு அவளை மாற்றினார்கள். அங்கே ஜன்னல் கிடையாது. பேச்சுத் துணைக்கு ஆளும் கிடையாது.

ஒரு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் தையல்காரி வந்தாள். விட்டுப்போன துணிப் பெட்டியை எடுக்க வந்திருந்தாள். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"உங்களுக்கு நன்றி சொல்ல வரல. உங்க மறதிக்குச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். அக்கம்பக்கத்துக்குக் கேட்கிற மாதிரி இருந்தது குரல்.

அக்கா உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். தையல்காரி நின்றபடியே வாங்கிக் குடித்தாள்.

"மாத்தி எழுதிட்டாங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"எழுதிட்டாங்க."

"படிச்சுக் காட்டேன். கண்ணு சரியில்ல."

தையல்காரி பையிலிருந்து தாளை எடுத்துப் படித்தாள். "'மேற்படி தொழிலாளி, வாயில் காவல் ஆள் இல்லாத நிலையில், தொட்டிக்குள் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தபோது இறந்தார்.'"

"செய்துகொண்டிருந்தபோது" என்று அக்கா மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

தையல்காரி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. அக்கா அந்தக் காலிக் கோப்பையைக் கழுவாமல் வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவகிட்ட மட்டுமாவது சொல்லிடலாமேக்கா."

"சொன்னா அவ வயித்துல தங்குமா? சந்தோஷத்துல யார்கிட்டயாவது ஒளறிடுவா. வேணும்னே விட்டதுன்னு ஆச்சுன்னா அது திருட்டு வரியாயிடும். கேஸைத் திரும்ப எடுப்பான். அவன் மறுபடியும் தூங்கப் போனவனாயிடுவான். வாயை மூடிக்கிட்டு இரு, மெஷினு."

"எத்தனை நாளைக்கு?"

"அட்டையில போட்டிருக்கே, பத்து வருஷம். அதுக்கப்புறம் அதுல ரகசியமே இல்ல. நானே போய்ச் சொல்றேன்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருந்ததெல்லாம் சத்தங்கள்தான். மேலே நான், கீழே அவள். ராச்சாப்பாட்டு வேளையில் கீழே மேசையில் ஒரு தட்டு வைக்கிற சத்தம் கேட்கும். இன்னொரு தட்டின் சத்தம் வராதா என்று எனக்கே காது எதிர்பார்க்கும். சில சாயங்காலம் டீக்குப் போய் உட்காருவேன். இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு குடிப்போம். ஒரு தடவை கேட்டாள், "தொட்டிக்குள்ள பாடினா நாலு குரலாத் திரும்பி வரும்னு சொல்வானே, நிஜமா இருக்குமா?" நான் என்னத்தைச் சொல்ல?

ஏழாம் வருஷம் அக்கா போய்விட்டாள். நிலவறையில் கோப்பு அடுக்கும்போது மார்வலி, மதியம்தான் யாரோ பார்த்தார்கள். அவளுக்கும் வாயில் நிற்க ஆளில்லை. தையல்காரி சாவுக்கு வந்தாள். ஓரமாக நின்றாள், போனாள். பத்து வருஷம் ஆகவில்லையே என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் கோப்பின் நகலை எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி அவள் கடைக்குப் போனேன். ஒற்றை அறை. தையல் மெஷின், பின்னால் ஒரு கட்டில், ஒரு அடுப்பு. தலை நரைத்திருந்தது. பாதித் தையலில் மெஷினை நிறுத்திவிட்டு, "வாங்கண்ணே" என்றாள். நகலை மேசையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். மை பூசினது, வெள்ளையாக நின்ற வரி, "ஓட விடு" என்றது, ஓலை, நிலவறை. பத்து வருஷத்துப் பாரத்தை இறக்கி வைக்கிற அவசரத்தில் எனக்கு மூச்சு வாங்கியது.

அவள் அழவில்லை. பொருளடக்கத்தைத் திறந்து அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குத் தெரியும்ணே."

"என்னம்மா சொல்றே? எப்பலேருந்து?"

"அந்த வரியைக் கண்டுபிடிச்ச அன்னிக்கே பாதி தெரிஞ்சிடுச்சு. ஒன்பது வருஷம் அந்த வீட்ல இருந்திருக்கேன். ஒரு தீப்பெட்டியைக்கூட இடம் மாத்தி வெச்சதில்ல அவங்க. அவங்களாவது, மறக்கறதாவது."

"தெரிஞ்சுமா தனியாக் கெடந்தே? திரும்பி வந்திருக்கலாமே!"

"எப்படி வர்றது? தெருவே கேக்கச் சண்டை போட்டுட்டுப் போனவ ஒரு மாசத்துல வந்து ஒண்ணா உக்காந்து சாப்பிட்டா, பாக்கறவன் என்ன நெனைப்பான்? ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணியிருக்காங்கன்னுதானே? கம்பெனிக்காரன் அதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்தான். நான் கோவமா இருந்தாத்தான் அவங்க மறதி செல்லும். பத்து வருஷம் முடியட்டும்னு நானும் எண்ணிக்கிட்டேதான் இருந்தேன். அவங்கதான் இருக்கல."

ஒரே ரகசியத்தை மூன்று பேர் மூன்று அறையில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறோம், அவளுக்குத் தெரியக் கூடாதென்று நாங்களும், எங்களுக்குத் தெரியக் கூடாதென்று அவளும்.

"பாதி தெரிஞ்சதுன்னியே, மீதி எப்பத் தெரிஞ்சது?" என்று கேட்டேன்.

"பெட்டி எடுக்க வந்தேனே, அன்னிக்கு. கேக்காமலே டீ போட்டுட்டு வந்தாங்க. என் கோப்பையில, இஞ்சி போடாம, ரெண்டரைக் கரண்டி சர்க்கரை" என்றாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள், "மறதிக்காரங்க போட்ட டீயாண்ணே அது?"